இரும்புப் பேயும் தவள மாடும்

பாடப்புத்தகத்தில் 'புகையிரதம்' என்று எழுதுகிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மட பிள்ளைகள் வாயில் அது கோச்சிதான். நீராவி எஞ்சினைப் பற்றிய சிங்கள நாட்டார் பாட்டொன்றில் அதற்கு இன்னொரு பெயர்: 'யகட யகா', இரும்புப் பேய். நிலக்கரி அதன் தீனி, தாகமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லக் கேட்டு நம்மில் பலருக்கும் அது மனப்பாடம். அந்தப் பேய் எந்தப் பக்கம் ஓடுது என்று கவனித்தீர்களா? கண்டிக்கு அல்ல, கொழும்புக்கு.

பாடினவர் சரியாத்தான் பார்த்திருக்கிறார். மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத் தோட்டத்துரைமார் கேட்டு வாங்கிய பாதை அது. 1858 ஆகஸ்ட் 3இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, 54 கிலோமீற்றர், முதல் வண்டி ஓடியது. 1867இல் கண்டியைத் தொட்டது. ரம்புக்கனைக்கு மேலே 45 அடிக்கு ஓரடி ஏற்றம். பின்னால் இன்னொரு எஞ்சின் நின்று தள்ள வேண்டும். தின்னும் கரியும் இந்த மண்ணில் கிடையாது, கப்பலில்தான் வரவேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கண்டிக்குப் போய் இரண்டே வருஷம், 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் விழுந்தது! கோப்பி அழிந்தது. பிறகு தேயிலை வந்துதான் கோச்சியைக் காப்பாற்றியது.

அதுக்கு முந்தி மலைநாட்டுச் சரக்கு எப்படிப் போய் வந்தது? தவளத்தில். பொதி சுமந்த மாடுகள் வரிசையாக நடக்கும். உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறும். பாக்கும் மிளகும் கீழே இறங்கும். கண்டி அரசில் இந்தப் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்றொரு பிரிவு இருந்தது. அதில் நம்மவர்கள் நிறையப் பேர். ஆங்கிலேயர் தெரு போட்டதும் மாட்டுவண்டி தவளத்தை ஒரு பக்கம் ஒதுக்கியது. கோச்சி வந்து மிச்சத்தையும் ஒதுக்கியது. கோச்சி எட்டாத ஊர்களில் மட்டும் மாடுகள் இன்னும் கொஞ்சக் காலம் நடந்தன. பேய் தின்ற கணக்கில் கரியோடு தவளத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1954இல் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் வந்தன. பேயின் காலமும் மெல்ல முடிந்தது. இப்போது பழைய எஞ்சின்களைக் கடுகண்ணாவை புகையிரத நூதனசாலையில் போய்ப் பார்க்கலாம். தவளத்தின் கதையைத்தான் வீடு வீடாகத் தேட வேண்டியிருக்கு. மூத்தவாப்பாமார் மாடு ஓட்டின கதையோ பாட்டோ யாருக்கும் ஞாபகம் இருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள்.