சானடோரியமும் சானிட்டரியும்

மயங்கொலிச் சொற்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வலி, வளி, வழி மூன்றையும் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டு, நாக்கு எங்கே படவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். இந்த மயக்கம் ஆங்கிலத்திலும் உண்டு. அதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் வந்து இறங்கினால் போதும்.

முதலில் ஸ்டேஷன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'நிற்றல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ரயில் நிற்கும் இடம் ஸ்டேஷன். நகராமல் நிற்பது ஸ்டேஷனரி. ஆபீசில் நாங்கள் இண்டென்ட் போட்டு வாங்கிய காகிதம், கார்பன் பேப்பர், பேனா மை எல்லாமும் ஸ்டேஷனரிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறும், அவ்வளவுதான். நிற்பதற்கும் காகிதத்துக்கும் என்ன உறவு? அந்தக் கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் சரக்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். பல்கலைக்கழகங்களை ஒட்டி, ஒரே இடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை ஸ்டேஷனர் என்றார்கள். அவர் கடையில் கிடைப்பது ஸ்டேஷனரி ஆயிற்று. ஆக இந்த மூன்றும் ஒரு தாய் மக்கள்.

ஆனால் ஒலி ஒத்துப்போனதால் மட்டும் உறவு என்று சொல்லிவிட முடியாது. பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் கன்டோன்மென்ட் என்ற பெயர் உண்டல்லவா? படைகள் தங்கும் இடம் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. அதன் அடியில் இருக்கும் 'கன்டோன்' ஒரு நிலப்பகுதியைக் குறிக்கும். சுவிட்சர்லாந்தின் மாநிலங்களுக்கு இன்றும் அதுதான் பெயர். சீனத்தில் இருக்கும் கான்டன் நகரமோ வேறு. குவாங்டோங் என்ற சீனப் பெயர் போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து அப்படி ஆனது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களை இன்னொரு ஜோடி திண்டாட வைக்கும். பரங்கிமலையின் ஆங்கிலப் பெயரில் 'செயின்ட்' இருக்கிறது. புனிதர் என்று பொருள். பிரெஞ்சில் அதே சொல்லை மூக்கொலியோடு 'சேன்' என்று சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர் என்பதற்கும் அதே 'சேன்'தான். காதுக்கு வித்தியாசமே தெரியாது. டிக்டேஷன் எழுதும்போதுதான் வினை. புனிதருக்கு மூலம் லத்தீனில் 'சாங்க்துஸ்'. ஆரோக்கியத்துக்கு மூலம் 'சானுஸ்'. இரண்டும் வேறு வேறு சொற்கள்.

அந்த 'சானுஸ்' பிடித்துக்கொண்டு வந்தால் நம் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கலாம்.

'சானுஸ்' என்றால் நலமுள்ள. அதிலிருந்து 'சானாரே', அதாவது குணப்படுத்துதல். அந்த வினையிலிருந்து பிறந்தது சானடோரியம்: குணப்படுத்தும் இடம். அதே 'சானுஸ்' வழியே 'சானித்தாஸ்', அதாவது ஆரோக்கியம். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது சானிட்டரி. நம் ஊர் சானிட்டரி இன்ஸ்பெக்டரும், ஜி.எஸ்.டி. ரோட்டில் குழாயும் வாஷ்பேசினும் விற்கும் சானிட்டரி கடையும், கொரோனா காலத்தில் கையில் தேய்த்துக்கொண்ட சானிடைசரும் இந்தக் கிளை.

இரண்டுக்கும் நடுவே சானிட்டேரியம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊரில், 1876-ல் பொறுப்பேற்ற டாக்டர் கெல்லாக் தம் மருத்துவமனைக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். கார்ன்ஃபிளேக்ஸ் கெல்லாக் குடும்பம்தான். நோயைக் குணப்படுத்துவதோடு, நோய் வராமல் வாழக் கற்றுக்கொள்ளும் இடமாகவும் அது இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஓரிரு எழுத்துதான் மாறியது, நோக்கமே மாறிவிட்டது.

நம் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். ஊருக்கு வெளியே மரமும் வெளியுமாக இருந்த தாம்பரம் அதற்குத் தோதாக இருந்தது. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

நான் இந்தப் பக்கம் குடிவந்த புதிதில், பெரியவர்கள் 'சானடோரியம்' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எலும்புருக்கி வந்தவர்கள் இருக்கும் இடம் என்ற பயம். 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளையும் அந்த மருத்துவமனை ஏற்றுக்கொண்டு கவனித்தபோது பயம் இன்னும் கூடியது. குணப்படுத்தும் இடம் என்ற பொருள்கொண்ட பெயர், ஜனங்கள் காதில் நோயின் பெயராகவே விழுந்தது. பயந்து வராமல் தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேரோ! பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிரே போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதில் நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் உண்டு. மருந்துகள் வந்த பிறகு, காசநோயாளியைச் சானடோரியத்தில்தான் வைக்க வேண்டுமா என்ற கேள்வி உலகம் முழுதும் எழுந்தது. அதற்குப் பதில் சொன்னது நம் சென்னை. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தபடியே ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் கிடைக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-ல் நிரூபித்தது. அதன் பிறகு பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன.

நம்முடையது மூடப்படவில்லை. நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக இன்றும் வேலை செய்கிறது. அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. காலையில் அங்கே டோக்கன் வாங்க நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். லத்தீன் தெரிந்தவர் அதில் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஆனாலும் அந்தச் சொல்லின் சரியான பொருளுக்காகத்தான் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள்.

விட்டுப்போகாத இருமல் உள்ளவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அங்கே போகச் சொல்லுங்கள். தயங்கினால், அந்தப் பெயருக்கு அர்த்தம் இதுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.