பத்து ரூபாய்க்குக் கீழே

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் ஒரு தொகையை எல்லையாக வைத்திருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரியவர் யாரும் வராவிட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பொருள் செய்யப்பட்ட உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தந்து எடுத்துக்கொள்ளலாம்.

பத்து ரூபாய்க்குக் குறைவானதைப் பற்றி இந்தச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. ஒரு பாசிமணி, உடைந்த சங்கு வளையல், சுடுமண் தக்களி வட்டு, தேய்ந்த செப்புக்காசு: இவற்றுக்கு விலை இல்லை, எனவே பதிவும் இல்லை. கொங்கு நாட்டின் பழங்காலத்தைப் பற்றி நம் கைக்கு வந்திருக்கும் எழுத்துச் சான்றுகளில் எது நிறைந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பதை இந்தப் பத்து ரூபாய்க் கோடு பெருமளவு தீர்மானித்திருக்கிறது.

கோட்டுக்கு மேலே இருப்பதை முதலில் பார்ப்போம். உரோம நாணயங்கள் இந்தியாவில் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளில் பழைய கோயம்புத்தூர் மாவட்டமும் ஒன்று. வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. நொய்யல் பகுதியிலுள்ள கத்தாங்கண்ணியில் 1913இல் 233 வெள்ளிக் காசுகள். உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கும் மேல். பொள்ளாச்சி, கரூர் என்று பட்டியல் நீள்கிறது. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காலத்தவை. இந்தச் செய்திகள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் வெள்ளி. வெள்ளி இருந்ததால் ஆட்சியருக்குத் தகவல் போனது, அலுவலகத்தில் எண்ணிக்கை எழுதப்பட்டது, சில காசுகள் அருங்காட்சியகத்துக்கு வந்தன. எந்தப் பானையில் இருந்தன, பானையின் பக்கத்தில் என்ன கிடந்தது, யார் கையில் முதலில் பட்டது என்பவற்றைப் பெரும்பாலும் யாரும் எழுதவில்லை. இப்படிச் சிதறிப்போன குறிப்புகளைத் தேடி ஒன்றுசேர்த்து, இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளைப் பற்றி 1989இல் ஒரு முழு நூல் வெளியிட்டவர் பாலா டர்னர் என்ற பெண் ஆய்வாளர்.

டைபீரியஸின் வெள்ளிக் காசு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் பேரரசரின் தலை, சுற்றி அவர் பெயர். பின்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கையில் கோலும் கிளையும். அவள் டைபீரியஸின் தாய் லிவியா என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அவளைச் சுற்றியுள்ள எழுத்து அவள் பெயரைச் சொல்வதில்லை. அதுவும் மகனின் பட்டத்தையே சொல்கிறது. நம் பட்டியல்களும் அவ்வாறே ‘டைபீரியஸ் காசு’ என்று எழுதி முடித்துவிடுகின்றன. கொங்கு மண்ணில் நூற்றுக்கணக்கில் புதைந்து கிடந்த ஒரு பெண்ணின் உருவம் பதிவேட்டில் இடம்பெறவே இல்லை.

இந்த வெள்ளி ஏன் இங்கே வந்தது என்பதற்கு அந்தக் காலத்து உரோம ஆண்கள் சொன்ன விளக்கமும் கவனிக்கத்தக்கது. கி.பி. 22இல் டைபீரியஸ் மேலவைக்கு எழுதிய கடிதத்தில், பெண்கள் விரும்பும் கற்களுக்காக உரோமின் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறது என்று குறைப்பட்டதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். சுமார் 55 ஆண்டுகளுக்குப் பிறகு பிளினியும் இதே குறையைச் சொன்னார். இந்தியா, சீனா, அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று கணக்குப் போட்டு, ஆடம்பரத்தோடு பெண்களையும் சேர்த்துப் பழித்தார். மிளகுக்கு ஆசைப்பட்ட ஆண்களின் விருந்துகளும், வணிகத்தில் வரி எடுத்த அரசும் அந்தப் பழியில் சிக்கவில்லை. உலக வணிகத்தின் பற்றாக்குறைக்குப் பெண்ணின் கழுத்து காரணமாகிவிட்டது. அந்தப் புலம்பலைச் செய்த பேரரசரின் முகம் பொறித்த காசுகளே இங்கே பானை பானையாகக் கிடைத்திருக்கின்றன.

அந்தக் கற்கள் வெட்டப்பட்ட இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு அருகே கொடுமணல். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம், அண்மையில் மாநிலத் தொல்லியல் துறை என்று பலமுறை அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. நீலக்கல், சூதுபவளம், பளிங்கு, பெரில் என்ற பச்சைக்கல் ஆகியவற்றை உடைத்து, தேய்த்து, துளையிட்டு மணியாக்கிய தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. பெரில் கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைக்கும். ஓர் ஈமக்குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இந்த மணிகளில் பல ஓர் உளுந்துப் பருப்பு அளவுதான். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் சந்தையில் பெரிய விலை கிடையாது. ஆனால் பாதி துளையிட்டு நின்றுபோன ஒரு மணி, அது இங்கேதான் செய்யப்பட்டது என்பதற்குச் சாட்சி. முழு மணியைவிட உடைந்த மணியே வேலை செய்தவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மணி கிடைத்தால் ‘பெண்’, வாள் கிடைத்தால் ‘ஆண்’ என்று எழுதுவது தொல்லியலின் பழைய சோம்பேறித்தனம். அந்தக் காலத்தில் ஆண்களும் மணி அணிந்தார்கள். மணிக்குத் துளையிட்டது யார் கை என்பதை மணி சொல்லாது. பெண்ணிய வாசிப்பு என்பது எல்லா அணிகலனையும் பெண் கணக்கில் எழுதிவிடுவது அல்ல. ‘பெண்களுக்கான சாமான்’ என்று ஒதுக்கி, அளக்காமல் மூட்டையில் போட்ட பொருளை எடுத்து அளந்து, அது எந்த உழைப்பின் மிச்சம் என்று கேட்பது.

தக்களி வட்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் துளையுள்ள சிறு சுடுமண் வட்டு. துளையில் குச்சியோ கம்பியோ செருகிச் சுழற்றினால் பஞ்சு நூலாகும். கொடுமணலில் இரும்புக் கம்பி செருகிய நிலையிலேயே ஒரு வட்டு கிடைத்தது. நூல் நூற்பவர்களாகச் சங்கப் பாடல்கள் பெண்களையே காட்டுகின்றன. புறநானூற்றிலும் நற்றிணையிலும் அவர்கள் வருகிறார்கள். துணையற்ற பெண்கள் நூற்றுப் பிழைத்ததையும் அவை அறிந்திருக்கின்றன. எடை குறைந்த வட்டு மெல்லிய நூலுக்கு உதவும். கனமான வட்டு தடித்த நூலுக்கு. ஓர் ஊரில் கிடைத்த வட்டுகள் ஒவ்வொன்றையும் எடை போட்டு, விட்டம் அளந்து, கிடைத்த ஆழத்தையும் குறித்திருந்தால், அந்த ஊரின் பெண்கள் என்ன வகை நூல் நூற்றார்கள், அது எப்போது மாறியது, வீட்டுத் தேவைக்கா சந்தைக்கா என்றெல்லாம் கேட்க முடியும். ‘தக்களி வட்டுகள் – 12’ என்று ஒரு வரி எழுதி நிறுத்திவிட்டால் அந்தக் கேள்விகள் அனைத்தும் அந்த வரியோடு முடிந்துவிடும். உரோமக் காசுக்குத் தனித்தனி எடை. நூற்ற பெண்ணின் கருவிக்கு வெறும் எண்ணிக்கை. இந்த வேறுபாட்டுக்குச் சட்டம் மட்டும் காரணமல்ல, அது நம் படிப்பிலும் ஊறியிருக்கிறது.

தாராபுரத்துக்கு வருவோம். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் உரோமச் செப்புக்காசுகளும், மாக்கோதை, குட்டுவன் கோதை போன்ற சேரர் பெயர் பொறித்த காசுகளும், எழுத்துள்ள மோதிரங்களும் கிடைத்திருக்கின்றன. அதே ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது தாராபுரம். கொங்குச் சோழர் காலத்தில் இராசராசபுரம் என்று பெயர் பெற்ற ஊர். பிறகு விசயநகரம், மதுரை நாயக்கர், மைசூர் என்று கைமாறியது. 1783இலும் 1790இலும் ஆங்கிலேயப் படை இதன் கோட்டையைப் பிடித்தது. ஆக, இந்த வட்டாரத்து மண்ணில் உரோமர் காலம் முதல் திப்பு சுல்தானின் யானைக்காசு வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க இடமுண்டு. சங்கைத் தகடாக அறுத்துச் செய்த வளையல் துண்டு ஒரு காலத்தைக் காட்டும். பல நிறக் கண்ணாடி வளையல் துண்டு பெரும்பாலும் இடைக்காலத்தையோ அதற்குப் பிந்தியதையோ காட்டும். மன்னர் பெயர் இல்லாத மேட்டில்கூட வளையல் உடைசல்களை வைத்து எந்தக் காலத்தில் குடியிருப்பு இருந்தது என்று ஓரளவு சொல்லலாம்.

இவற்றை யார் பார்க்கிறார்கள்? ஐப்பசி மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போன பிறகு, குனிந்து வேலை செய்பவர்களின் கண்ணில்தான் சிறு பொருள் படும். களை வெட்டுபவர்கள், கடலை பறிப்பவர்கள், ஆடு மேய்க்கும் சிறுமிகள், நூறு நாள் வேலையில் குளம் வெட்டுபவர்கள். அகழாய்வுக் குழியிலும் மண் சுமந்து சல்லடையில் சலிப்பவர்களில் உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். அறிக்கையின் முகப்பில் இயக்குநர் பெயர் இருக்கும். சல்லடையில் மணியைக் கண்டவர் பெயர் இருக்காது. அரிக்கமேட்டின் கதையே 1930களில் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ரெய், உள்ளூர்ச் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளை வாங்கியதிலிருந்து வேகம் பெற்றது. பேராசிரியர் பெயர் நமக்குத் தெரிகிறது.

இதில் சாதியும் இருக்கிறது. கொங்குக் காடுகளில் கூலிக்குக் களை வெட்டும் அருந்ததியர் பெண் ஒருவர் ஒரு காசைக் கண்டால், சட்டப்படி கண்டெடுத்தவர் அவர்தான். முக்கால் பங்கு அவருடையது. ஆனால் அதை அவர் யாரிடம் சொல்வார்? பண்ணையத்துக்காரரிடம் சொன்னால் அது யாருடைய காசு ஆகும்? காவல் நிலையத்தில் சொன்னால் முதலில் சந்தேகம் யார்மேல் விழும்? பேசாமல் எறிந்துவிடுவதோ நகைக்கடையில் எடைக்குப் போடுவதோ எளிது என்று அவர் நினைத்தால், அதை அறியாமை என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் வேறொரு வழியை முயன்றார்கள். 1996இல் புதிய புதையல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குள் வராத எளிய பொருள்களுக்காக 1997இல் ஒரு தன்னார்வப் பதிவுத் திட்டம் தொடங்கியது. பொதுமக்கள் கண்டெடுத்த பொருளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதற்கென்று உள்ள அலுவலர் அளந்து, படமெடுத்து, பொதுத் தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உரோமர் கால ஊசிகள், கொக்கிகள், தக்களி வட்டுகள், பிற்காலத் தையல் விரலுறைகள் என்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. கிடைத்த இடத்தின் துல்லியக் குறிப்பு ஆய்வாளர்களுக்கு மட்டும்; திருடர்களுக்குப் போகாது. அங்கே கண்டுபிடிப்பவர்களில் பெரும்பாலோர் உலோகம் காட்டும் கருவியோடு பொழுதுபோக்காக அலையும் ஆண்கள். அப்படியே அதை இங்கே கொண்டுவர முடியாது, கூடவும் கூடாது. கருவியோடு மேடு மேடாகத் தோண்டும் கூட்டம் இங்கே சேதத்தைத்தான் பெருக்கும். ஆனால் அதன் அடிப்படை எண்ணம் நமக்குப் பயன்படும்: விலையில்லாத பொருளும் எழுதப்பட வேண்டும், எழுதப் போனவர் அச்சப்படத் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை, ஒரு மகளிர் சுயஉதவிக் குழு, ஒரு பள்ளித் தொன்மை மன்றம் இதைத் தொடங்கலாம். தோண்டக் கூடாது. மேலே கிடப்பதை மட்டும் பார்க்க வேண்டும். எடுப்பதற்கு முன் கிடக்கும் நிலையில் ஒரு படம். அளவுகோல் வைத்து இருபுறமும் ஒரு படம். ஊர், நிலத்தின் புல எண், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. நீளம் மில்லிமீட்டரில், எடை கிராமில். கல்லா, கண்ணாடியா, சங்கா, செம்பா. பக்கத்தில் கருப்பு சிவப்புப் பானையோடு இருந்ததா, ஓட்டுத் துண்டோடு இருந்ததா. புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. பச்சை படிந்த செப்பின் எழுத்து அத்தோடு போய்விடும். சட்டத்துக்கு உட்பட்ட பொருள் என்றால் பதிவின் ஒரு படியோடு வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்கும், தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். தேதியிட்ட அந்தப் பதிவே கண்டெடுத்தவருக்குப் பாதுகாப்பு.

நேரம் குறைவாக இருக்கிறது. அமராவதியில் மணல் போய்க்கொண்டிருக்கிறது. தாராபுரத்தைச் சுற்றிய மானாவாரிக் காடுகளில் காற்றாலைகளும் கோழிப்பண்ணைகளும் மனைப்பிரிவுகளும் எழுகின்றன. செம்மண் லாரியில் ஏறி வேறோர் ஊரின் பள்ளத்தை நிரப்பப் போகிறது. லாரியில் போன மணியை இன்னோர் ஊரில் யாராவது கண்டெடுக்கக்கூடும். ஆனால் அது எந்த ஊர் மணி என்று அதன்பின் யாராலும் சொல்ல முடியாது.

பதிவுத்தாளின் கடைசிக் கட்டத்தில் ‘கண்டெடுத்தவர்’ என்று எழுதியிருக்கும். அதில் நிலத்துக்காரரின் பெயரையோ, தகவல் கொடுத்த ஆசிரியரின் பெயரையோ எழுதும் வழக்கம் வேண்டாம். குனிந்து எடுத்தவரைக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால், அவர் சொல்லும் விதமாகவே அவர் பெயரை எழுதுங்கள். வேலையின் பெயரையும் சேருங்கள்: களை வெட்டு, கடலை பறிப்பு, ஆடு மேய்ச்சல்.