குடல்நோவும் நோயாளியின் சொல்லும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயாளி வயிற்றுநோவு என முறையிடுகின்றார். வைத்தியர் சோதிக்கின்றார், குடலிற் புண்ணுமில்லை, கட்டியுமில்லை, அழற்சியுமில்லை. ஆயினும் நோவு நீங்குவதில்லை. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடரும் இவ்வுபாதையை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்னும் வினா, மேனாட்டு மருத்துவத்தை இரு நூற்றாண்டுகளாக எதிர்கொண்டு வந்துள்ளது. அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு, நோயாளியின் சொல்லுக்கு மருத்துவம் அளித்த மதிப்பின் வரலாறுமாகும்.

1818இல் இலண்டன் வைத்தியரான றிச்சேட் பவல் குடலில் எழும் நோவு, வாய்வு, சமிபாட்டுக் குழப்பம் ஆகியவற்றை ஒருசேர எடுத்துரைத்தார். 1849இல் கமிங் என்பார், ஒரே நோயாளியிடம் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறிமாறித் தோன்றுவதைப் பதிவு செய்தார். முரண்பட்ட இவ்விரு குறிகளும் ஒரே நோயில் எங்ஙனம் அமைகின்றன என்பதை விளக்கத் தம்மால் இயலாது எனவும் அவர் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். இவ்விருவரும் நோயாளி கூறியதைக் கேட்டு எழுதினர், கேளாததைக் கூட்டவில்லை.

பின்வந்தோரிடம் இவ்வடக்கம் நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுபாதை சளிக்குடலழற்சி எனப் பெயர்பெற்றது. 1892இல் வெளியான தமது புகழ்பெற்ற மருத்துவ நூலில் வில்லியம் ஒஸ்லர் இதனை நரம்புத் தளர்ச்சியுடையோருடன் தொடர்புபடுத்தினார். மறுபுறம், பெருங்குடலில் தேங்கும் மலம் உடலை நஞ்சூட்டுகின்றது என்னும் கொள்கை பரவியது. பிரான்சில் பூஷாரும் மெச்னிக்கொவ்வும் இக்கருத்துக்கு வலுவூட்டினர். இலண்டனில் சத்திர வைத்தியர் ஆபத்நொட் லேன் ஒருபடி மேலே சென்று, தீராத மலச்சிக்கலுக்குப் பெருங்குடலையே வெட்டியகற்றலானார். 1913இல் இலண்டன் றோயல் மருத்துவக் கழகத்தில் இக்கொள்கை குறித்து விரிவான விவாதம் நிகழ்ந்தது. 1919இல் அமெரிக்க வைத்தியர் வோல்ரர் அல்வாறெஸ், மலச்சிக்கலின்போது தோன்றும் தலையிடி, சோர்வு முதலியன நஞ்சினால் அன்றிக் குடல் விரிவடைவதால் எழுவன என வாதிட்டார். கொள்கை படிப்படியாகத் தளர்ந்தது. ஆயின் வெட்டப்பட்ட குடல்கள் மீளவில்லை.

அழற்சி காணப்படாத நோய்க்கு அழற்சியென்னும் பெயர் பொருந்தாது என்பது தெளிவானதும், எரிச்சலுறும் குடல் என்னும் பெயர் 1920களின் இறுதியிலிருந்து வழக்கில் வந்தது. 1940களின் இறுதியில் நியூயோர்க்கில் தோமஸ் அல்மி செய்த சோதனை அக்காலப் போக்கினை நன்கு காட்டுகின்றது. குடலை நோக்கும் கருவி உட்செலுத்தப்பட்ட நிலையில், மருத்துவ மாணவர் ஒருவருக்குப் புற்றுநோய் இருப்பதாகப் பொய்யாக உணர்த்தப்பட்டது. அவரது குடல் சிவந்து இறுகியது. உண்மை அறிவிக்கப்பட்டதும் தளர்ந்தது. மனத்தின் கலக்கம் குடலை அசைக்கும் என்பது இதனால் நிறுவப்பட்டது. எனினும், மனம் குடலைப் பாதிக்கும் என்பது வேறு. நோவு மனத்தின் கற்பனை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே பல தலைமுறை நோயாளர் அடைந்த அவமதிப்புக்குக் காரணமாயிற்று.

இவ்விடத்து மூன்று ஆய்வுகள் திருப்புமுனையாக அமைந்தன. 1962இல் ஒக்ஸ்போர்டில் சௌதிரியும் றூலவும் 130 நோயாளரை ஆராய்ந்து, அவருள் ஒரு பகுதியினருக்கு வயிற்றுளைவு நோயின் பின்னரே உபாதை தொடங்கியதைக் கண்டனர். 1973இல் றிச்சி, குடலினுள் பலூன் ஒன்றினை ஊதிப் பெருக்கினார். ஏனையோருள் மிகச் சிலருக்கே நோவு தந்த அதே விரிவு, இந்நோயாளருட் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோவளித்தது. நோவு கற்பனையன்று, குடலின் உணர்திறன் மிகுந்தமையே அதன் ஒரு காரணம் என்பது இதனாற் புலனாயிற்று. 1978இல் பிறிஸ்ரலில் மனிங், ஹீற்றன் முதலியோர் 109 நோயாளரிடம் 15 குறிகள் பற்றிய வினாக்கொத்தினை வழங்கினர். மலங்கழித்தபின் நோவு தணிதல், நோவு தொடங்குகையில் மலம் இளகுதலும் அடிக்கடி கழிதலும், வயிறு வெளிப்படையாக உப்புதல் ஆகிய குறிகள் இந்நோயைப் பிறவற்றினின்றும் பிரித்தறிய உதவின. நோயாளியின் சொல்லே சான்றாகிய நிகழ்வு இது. இவ்வழியில் எழுந்த உரோம் வரையறைகள் பன்முறை திருத்தப்பட்டு, 2016இல் நான்காம் வடிவம் பெற்றன.

2000ஆம் ஆண்டு கனடாவின் வோக்கேற்றன் நகரில் குடிநீர் மாசுற்று, 2,300 பேர் வரை நோயுற்றனர்; எழுவர் உயிரிழந்தனர். பின்தொடர்ந்த ஆய்வுகள், தொற்று நீங்கியபின்னும் பலரிடம் குடலுபாதை ஆண்டுக்கணக்கில் நீடித்ததை உறுதிப்படுத்தின.

சிகிச்சையின் வரலாறும் இப்பாடத்தையே புகட்டுகின்றது. 1970களில் கோதுமைத் தவிடு பெரிதும் போற்றப்பட்டது. 1994இல் மான்செஸ்ரரில் நோயாளரையே வினவியபோது, பாதிக்கு மேற்பட்டோர் தவிட்டினால் தம் உபாதை மிகுந்தது என்றனர். அதே நகரில் 1984இல் வோர்வெல் குழுவினர் அறிதுயில் முறையின் பயனை நிறுவினர். 2005இல் மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிப்சனும் ஷெப்பேர்டும், குடலில் முற்றாக உறிஞ்சப்படாது நொதிக்கும் சில மாவெல்லங்களைக் குறைக்கும் உணவுமுறையை முன்வைத்தனர். வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு, பால் முதலியன சில வாரங்கள் விலக்கப்பட்டு, பின்னர் ஒவ்வொன்றாக மீளச் சேர்க்கப்படுகின்றன. எது ஒவ்வாது என்பதை நோயாளியே கண்டறிகின்றார். வாழ்நாள் முழுவதும் விலக்குவது இம்முறையன்று.

சொல்லை மதித்தலென்பது சோதனையைக் கைவிடுதலன்று. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், குருதிச்சோகை, உறக்கத்தினின்றும் எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதின்பின் புதிதாகத் தோன்றும் மாற்றம் ஆகியன வேறு நோய்களின் அறிகுறிகளாகலாம். இவற்றைக் கூறுவோர் தாமதமின்றிச் சோதிக்கப்படல் வேண்டும்.

1849இல் கமிங் விளக்க இயலாததை விளக்க இயலாதென்றே எழுதினார். பின்வந்த பலர், தாம் காணாததனால் நோவே இல்லையென்றனர் அல்லது இல்லாத நஞ்சினைத் தேடிக் குடலை வெட்டினர். கருவி காணாத நோவினை நோயாளியின் சொல் காட்டும் என்பதை மருத்துவம் ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. அக்காலம் முழுவதும் நோவினைச் சுமந்தவர்கள் நோயாளர்களே.