சான்றிதழில் மருத்துவர்

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் என் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. சாதி என்ற இடத்துக்கு நேரே 'மருத்துவர்' என்று போட்டிருக்கும். முடி திருத்தும் சாதிக்கு அரசுப் பட்டியலில் உள்ள பெயர்களில் அதுவும் ஒன்று. பள்ளியில் அதைப் பார்த்த தோழி, "அப்ப நீ பொறந்ததுல இருந்தே டாக்டரா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு முறை நீட் எழுதிய பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

செவிலியர் பட்டயப் படிப்பு முடித்தவள் நான். வாரத்தில் மூன்று இரவு, காரிமங்கலத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸில் வேலை. தேசிய நெடுஞ்சாலை 44 எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போவதால் இரவில் லாரிகள் ஓய்வதில்லை, எங்களுக்கும் ஓய்வில்லை. விழுந்தவரின் கழுத்து அசையாமல் பலகையில் ஏற்றுவது, ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிப்பது, தருமபுரி அரசு மருத்துவமனை வரும்வரை மூச்சை எண்ணுவது. அழைப்பு இல்லாத நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து உயிரியல் படிப்பேன். டிரைவர் அண்ணன் எனக்காக உள்விளக்கை அணைக்காமல் விட்டுவைப்பார். செல் சுவாசம் என்ற பாடத்தை நான் முழுதாக முடித்ததே கிடையாது. ஒவ்வொரு முறையும் பாதியில் போன் அடித்துவிடும்.

என் பாட்டி மருத்துவச்சி. சுற்று ஊர்களில் பிரசவ வலி என்றால் ஆள் வந்து கூப்பிடும். கூலி, கொஞ்சம் கேழ்வரகும் ஒரு பழைய சேலையும். பிள்ளை பிறக்கும்வரை பாட்டியை 'தாயே' என்பார்கள். பிறந்த பிறகு கொல்லைப்புறமாக அனுப்புவார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 வந்தபோது அவர் தொழிலை விட்டே பல வருடங்கள் ஆகியிருந்தன.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பெண்களைச் சேர்க்கலாம் என்று அதற்குத் துணைநின்றவர் தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்ட் பால்ஃபர். நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப், வழக்கறிஞரின் மனைவி, குழந்தைகளின் தாய். கல்லூரிக்கு வருவதற்கு முன் அவர் சென்னைப் பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவர். முதலில் வலியில் துடிக்கும் பெண்ணருகே நின்றார், அதன் பிறகே பாடப்புத்தகம். 1878இல் சான்றிதழ் பெற்று லண்டன் போனார், பட்டத்தோடு திரும்பினார், 1885இல் நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கினார். இன்று அதைக் கஸ்தூரிபா மருத்துவமனை என்கிறோம்.

ஷார்லீப் மீது எனக்கு மரியாதை உண்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. அவருக்கு மருத்துவச்சி வேலை ஒரு படிக்கட்டானது. அதே காலத்தில் அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த எங்கள் பெண்களை ஆங்கிலேய மருத்துவர்களும் சரி, நம் சீர்திருத்தக்காரர்களும் சரி, அறியாமையும் அழுக்கும் என்றே எழுதினார்கள். பழி முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். கை கழுவாததால் காய்ச்சல் கண்டு இறந்த தாய்மார்களைப் பாட்டியே சொல்லியிருக்கிறார். ஆனால் கை கழுவச் சொல்லிக்கொடுத்துக் கல்லூரிக்குள் கூட்டிப்போயிருக்கலாமே?

ஒரு காலத்தில் நடுவே ஏணி ஒன்று இருந்தது. எல்.எம்.பி. என்ற படிப்பு. பட்டப்படிப்பைவிடக் குறுகியது, செலவும் குறைவு. 1918இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென்றே தொடங்கிய மருத்துவப் பள்ளி இந்தப் படிப்பைத்தான் தந்தது. 1946இல் போர் குழு, நாட்டுக்கு ஒரே வகை மருத்துவர் போதும், எல்லோரும் பட்டம் பெற்றவர்களாக இருக்கட்டும் என்றது. ஏழைக்கு மட்டும் இரண்டாந்தர மருத்துவரா என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்குள்ளாகவே வேலூர்ப் பள்ளி பட்டப்படிப்புக்கு உயர்ந்திருந்தது, 1947இல் ஆண்களும் அங்கே சேர்ந்தார்கள். எல்.எம்.பி. மெல்ல மறைந்தது. அதன் இடத்தில் வேறு ஏணி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பத்து வருடம் பிரசவம் பார்த்த செவிலியரும் இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

தமிழ்நாடு 2006இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்தது. 2017இல் நீட் வந்தது. அந்த செப்டம்பரில் அரியலூர் அனிதாவை இழந்தோம், 1200க்கு 1176 எடுத்தவள். ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016–17இல் சுமார் 12 சதவீதம், 2020–21இல் 71 சதவீதம். அதாவது ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிகிறவர்களுக்கான தேர்வு இது. அந்த ஒரு வருடத்தை வீடு யாருக்குக் கொடுக்கும்? மகனுக்கென்றால் 'படிக்கிறான்' என்பார்கள். மகளுக்கென்றால் 'சும்மா இருக்கிறாள்', அடுத்த மாதம் ஜாதகம் வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் எனக்கில்லை. அப்பா ஆசைப்பட்டு ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளியில் போட்டார்.

ஆம்புலன்ஸ் சம்பளத்தில்தான் மாதிரித் தேர்வுகளுக்குப் பணம் கட்டுகிறேன். 'சும்மா இருக்கிறாள்' என்ற பேச்சுக்கும் அதுவே பதில். என் படிப்பைத் தின்கிற வேலையும் அதுதான், காக்கிற வேலையும் அதுதான்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆம்புலன்ஸில் வேலை செய்த மணிநேரத்தையும் விண்ணப்பத்தில் எழுதுவார்கள், மதிப்பும் உண்டு. படித்தபோது பொறாமையாக இருந்தது. அங்கும் கதை நேரானதல்ல. 1967இல் பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பினத்தவர் நடத்திய ஃபிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ், நாட்டுக்கே முன்மாதிரியானது. அவர்களோடு உழைத்த நான்சி கரோலைன் என்ற பெண் மருத்துவர் எழுதிய பாடத்திட்டமே நாடு முழுக்கப் போனது. 1975இல் நகராட்சி அந்தச் சேவையைத் தன் கையில் எடுத்தது. புதிதாகத் தேர்வுகள் வைத்தது. வேலை தெரிந்தவர்கள் பலர் வெளியே நின்றார்கள்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. துடைத்து, தாயின் மார்பில் படுக்கவைத்து, கொடிக்குக் கிளிப் போட்டேன், நேரம் குறித்தேன். மாமியார் கூடவே இருந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கியதும், "நீ யாரு வூட்டுப் புள்ள பாப்பா?" என்றார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பாட்டி பெயரைச் சொன்னேன்.

"அட, எங்க ஊட்டுக்காரரு தம்பிய எடுத்த கையாச்சே அது" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை என் கையிலிருந்து வாங்காமல், இறங்கும்வரை என்னிடமே விட்டிருந்தார். அது மரியாதையா, தீட்டா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மே மாதம் தேர்வு. அதற்கு முந்தைய வாரம் இரவுப் பணிக்கு வேறு ஆள் பார்க்கும்படி டிரைவர் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.