கதை நட்ட மரம்

கிரிக்கெட் மட்டை செய்யப்படும் வில்லோவுக்குக் கிளைகள் தரைவரை தொங்கும் ஓர் உறவு மரம் உண்டு: தொங்கும் வில்லோ. ஐரோப்பியர் தம் வீட்டுத் தோட்டங்களில் அதை வைக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மண்ணும் இடமும் பார்த்து அதைத் தேர்ந்தவர்களைவிட, அதைச் சுற்றிய கதையில் மயங்கி நட்டவர்களே அதிகம் என்பேன். முதல் கதை விவிலியத்திலிருந்து வந்தது. பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் கின்னரங்களைத் தொங்கவிட்டதாக 137ஆம் சங்கீதம் சொல்லும் மரம் இதுவே என்று நம்பி, தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'சாலிக்ஸ் பாபிலோனிகா' என்று பெயரிட்டார். உண்மையில் இதன் தாயகம் சீனா. பாபிலோனில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் நின்றது ஒரு பாப்லர் வகை என்பதே இன்றைய தாவரவியலாளர் கருத்து. அடுத்த கதை இங்கிலாந்தில் பிறந்தது. ட்விக்கனத்தில், தேம்ஸ் கரையில், கவிஞர் அலெக்சாண்டர் போப் வளர்த்த மரத்தைக் காண அவர் 1744இல் இறந்த பின்னும் கூட்டம் வந்தது. 1801இல் மரம் அழிந்தபோது அதன் கட்டைகூட நினைவுப்பொருளாயிற்று. எல்லாவற்றையும் மிஞ்சியது நெப்போலியன் கதைதான். 1821இல் செயின்ட் ஹெலினா தீவில் அவரைப் புதைத்த இடத்தில் வில்லோ மரங்கள் நின்றன. அன்று கிழக்கிலிருந்து திரும்பிய கப்பல்கள் தண்ணீருக்காக நின்ற தீவு அது. இறங்கியவர்கள் ஆளுக்கொரு கொம்பு ஒடித்துக்கொண்டார்கள். 1840இல் உடல் பாரிஸுக்குப் போய்விட்டது. ஆனாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை பல தோட்டங்களில் 'நெப்போலியன் வில்லோ' நிலைத்துவிட்டது.

ஒடித்து ஈரமண்ணில் செருகினாலே வேர்விடும் மரம் பரவியதில் என்ன வியப்பு, கதைக்கு ஏன் பெருமை என்று கேட்கலாம். அந்தக் குணம் வில்லோக்கள் பெரும்பாலானவற்றுக்கும் உண்டு. வெள்ளை வில்லோவின் கொம்பும் அப்படியே துளிர்க்கும். அதை நினைவுச்சின்னமாக யாரும் கடல் கடந்து சுமக்கவில்லை. எளிதாக வேர்விடும் குணம் கதைக்கு வண்டியாக இருந்தது, அவ்வளவுதான். அழகுக்காகவே நட்டார்கள் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அகன்ற குளக்கரையில் அதற்கு இணை இல்லை. வேர்கள் கரையையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் போப்பின் மரம் நின்றது ஓர் ஆற்றங்கரையில், நெப்போலியனுடையது நீரூற்றுள்ள பள்ளத்தாக்கில். கதையை எடுத்துப்போனவர்களால் அந்த நீரை எடுத்துப்போக முடியவில்லை. நாற்பது ஐம்பது அடி உயரும் மரம் சிறு மனையில் தண்ணீர் தேடி, விரிசல் விட்ட கழிவுநீர்க் குழாய்க்குள் வேரை நுழைக்கும். காற்றில் கிளை முறிக்கும். வில்லோ இனங்களில் பெரும்பாலானவற்றை ஆஸ்திரேலியா 1999இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளின் பட்டியலில் சேர்த்தது. தொங்கும் வில்லோவுக்கு அதில் விலக்கு உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சிறு தோட்டத்துக்கு ஏற்ற வில்லோ இல்லாமலில்லை. ஸ்காட்லாந்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விற்பனைக்கு வந்த கில்மார்னாக் வில்லோ ஒட்டுக்கட்டி வளர்ப்பது. ஒட்டிய உயரத்துக்கு மேல் பெரிதாக ஓங்காமல் கீழ்நோக்கியே தொங்கும். குளிர்நாட்டில் சிறு மனை வைத்திருப்பவர்கள் அதைத் தேர்ந்துகொள்ளட்டும். பெரிய மரத்தைக் குளமும் விரிந்த நிலமும் உள்ளவர்களுக்கு விட்டுவிடுவதே சரி.