நிரல் சிக்கலளவு

நிரல் சிக்கலளவு என்பது ஒரு கணினி நிரலின், குறிப்பாக அதன் ஒவ்வொரு செயற்கூற்றின், கட்டமைப்பு எவ்வளவு சிக்கலானது என்பதை எண்ணால் குறிக்கும் அளவை ஆகும். இவ்வகை அளவைகளுள் பரவலாக அறியப்பட்டது சுழல்வழிச் சிக்கலளவு. ஆங்கில வழக்கில் இது சைக்ளோமேட்டிக் கம்ப்ளெக்சிட்டி எனப்படுகின்றது. படிக்கக் கடினமான செயற்கூறுகளை இனங்காணவும், அவற்றுக்கு எத்தனை சோதனைகள் தேவை என்று மதிப்பிடவும் இது பயன்படுகின்றது. அவ்வாறு கண்டறிந்த செயற்கூற்றின் வெளிப்பயனை மாற்றாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்தி எழுதுதல் மறுசீரமைப்பு எனப்படும்.

வரலாறு

அமெரிக்கரான தாமசு மெக்கேப் 1976 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இவ்வளவையை முன்வைத்தார். கோட்டுருவியல் என்னும் கணிதத்துறையில் முன்பே இருந்த ஓர் எண்ணையே அவர் நிரல்களுக்குப் பொருத்தினார். ஒரு செயற்கூற்றின் அளவு 10 ஐத் தாண்டலாகாது என்பது அவர் பரிந்துரை. மாரிசு ஆல்சுடெட் 1977 இல், நிரலிலுள்ள செயற்குறிகளையும் செயலேற்பிகளையும் எண்ணிக் கணிக்கும் வேறொரு முறையை நூலாக வெளியிட்டார். மறுசீரமைப்பு குறித்த வில்லியம் ஓப்டைக்கின் முனைவர் பட்ட ஆய்வேடு 1992 இலும், அதனைப் பரவலாக்கிய மார்ட்டின் ஃபவுலரின் நூல் 1999 இலும் வெளிவந்தன.

கணிக்கும் முறை

செயற்கூற்றின் கூற்றுகளைக் கணுக்களாகவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுப்பாடு செல்லும் வழிகளை விளிம்புகளாகவும் வரைந்தால் ஒரு கோட்டுரு கிடைக்கும். அதன் சிக்கலளவு:

சிக்கலளவு = விளிம்புகள் − கணுக்கள் + 2

ஒரே ஒரு நிபந்தனையும் அதன் இரு கிளைகளும் அவை மீண்டும் சேரும் இடமும் கொண்ட நிரலில் 4 கணுக்களும் 4 விளிம்புகளும் உள்ளன. எனவே அளவு 2. நடைமுறையில் படம் வரைய வேண்டியதில்லை. நிபந்தனை, மடக்கு ஆகியவற்றில் தீர்மானம் நிகழும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். ஒரே நிபந்தனைக்குள் "மேலும்", "அல்லது" என இணைக்கப்பட்ட பகுதிகள் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

எடுத்துக்காட்டு: திஸ்கி மாற்றி

தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில் 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. சங்கம் இருந்த நகரின் பெயரைத் தாங்கினாலும் இதன் தன்னார்வலர் உலகெங்கும் உள்ளனர். நூல்கள் 1999 முதல் திஸ்கிக் குறியேற்றத்திலும், 2004 முதல் ஒருங்குறியிலும் வெளியிடப்பட்டன. இத்தகைய திஸ்கி உரையை ஒருங்குறிக்கு மாற்றும் செயற்கூறு, எளிய வேலை எவ்வாறு சிக்கலான நிரலாகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன. "கொ" என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். ஒருங்குறியிலோ ககரம் முதலிலும், ஒகர உயிர்க்குறி அதன் பின்னும் வரும். எனவே மாற்றி, கொம்பைக் கண்டவுடன் அடுத்த இரு குறிகளையும் பார்த்தே முடிவு செய்ய இயலும். கீழே "அகர உரு" என்பது க, ச, ட போன்ற வடிவங்களைக் குறிக்கின்றது. குறிகளைத் தாண்டிச் செல்லும் வரிகள் சுருக்கம் கருதி விடப்பட்டுள்ளன.

ஒவ்வொரு குறிக்கும்:
— குறி ஒற்றைக்கொம்பு எனில்:
—— அடுத்தது அகர உரு எனில்:
——— அதற்கடுத்தது கால் எனில்: ஒகரமாக எழுது
——— அன்றி, அது கொம்புக்கால் எனில்: ஔகாரமாக எழுது
——— அன்றி: எகரமாக எழுது
— அன்றி, குறி இரட்டைக்கொம்பு எனில்:
—— அடுத்தது அகர உரு எனில்:
——— அதற்கடுத்தது கால் எனில்: ஓகாரமாக எழுது
——— அன்றி: ஏகாரமாக எழுது
— அன்றி, குறி சங்கிலிக்கொம்பு எனில்:
—— அடுத்தது அகர உரு எனில்: ஐகாரமாக எழுது
— அன்றி: பட்டியலில் உள்ளபடி எழுது

இதில் ஒரு மடக்கும் ஒன்பது நிபந்தனைகளும் உள்ளன, அளவு 11. உரை முடிந்த பின்னும் "அடுத்தது" எது என்று தேடாதிருக்க, முன்னோக்கிப் பார்க்கும் ஆறு இடங்களிலும் எல்லைச் சோதனை சேர்த்தால் அளவு 17 ஆகிவிடும். எண்ணை விட முதன்மையானது வேறொன்று. கொம்புக்குப் பின் அகர உரு வராவிட்டால் என்ன செய்வது என்று இந்நிரல் எங்கும் கூறவில்லை. மூலத்தில் தட்டச்சுப் பிழையாகத் தனித்து நிற்கும் கொம்பு, எவ்வித அறிவிப்பும் இன்றி மறைந்துவிடும். மெய்ப்புப் பார்ப்பவருக்குப் பிழையின் சுவடே எஞ்சாது. வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எழுதப்பட்டிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

மறுசீரமைத்தல்

மூன்று கொம்புகளுக்கும் ஒரே செயல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதே சிக்கலின் காரணம். கொம்பும் பின்குறியும் இணைந்து என்ன ஆகும் என்பது மூன்றே வரிகள் கொண்ட ஒரு பட்டியல்: ஒற்றைக்கொம்பும் காலும் ஒகரம், இரட்டைக்கொம்பும் காலும் ஓகாரம், ஒற்றைக்கொம்பும் கொம்புக்காலும் ஔகாரம். இப்பட்டியலைப் பார்த்து விடை தருவதை "இணை" என்னும் சிறு செயற்கூறாகப் பிரிக்கலாம். இணை பட்டியலில் இல்லையெனில் அது கொம்பையே திருப்பித் தரும். முதன்மைச் செயற்கூறு பின்வருமாறு சுருங்கும்:

உரையின் இறுதியில் இரு வெற்றுக் குறிகளைச் சேர்
ஒவ்வொரு குறிக்கும்:
— குறி கொம்பு, மேலும் அடுத்தது அகர உரு எனில்:
—— அகர உருவை எழுது
—— இணை(குறி, அதற்கடுத்தது) தருவதை எழுது
— அன்றி: பட்டியலில் உள்ளபடி எழுது

வெற்றுக் குறிகள் இருப்பதால் எல்லைச் சோதனைகள் தேவையற்றுப் போகின்றன. முதன்மைச் செயற்கூற்றின் அளவு 4, "இணை" செயற்கூற்றின் அளவு 2.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனித்து நிற்கும் கொம்பு பழைய நிரலில் மறைந்தது. புதியதில் அப்படியே எழுதப்படுகின்றது. இது நன்மையே எனினும், வரையறைப்படி மறுசீரமைப்பு அன்று, பிழைதிருத்தம். இரண்டையும் ஒரே மாற்றத்தில் கலந்தால், பழைய வெளியீட்டோடு ஒப்பிடும்போது தோன்றும் வேறுபாடுகளில் எது திருத்தம், எது புதிய பிழை என்று பிரித்தறிய இயலாது. ஆகவே பழைய நிரலின் வெளியீட்டை முதலில் பதிந்து வைத்து, அதே வெளியீடு வரும்வரை மறுசீரமைத்து, அதன் பின்னரே திருத்தத்தைச் செய்தல் முறையாகும். மைக்கேல் ஃபெதர்சு 2004 இல் வெளியிட்ட நூல் இவ்வகைப் பதிவுச் சோதனைகளை விரிவாக விளக்குகின்றது.

அளவு காட்டாதவை

அளவு குறைந்ததனால் நிரல் சரியானது என்று கொள்ள முடியாது. சில மாற்றிகள் கிளைகளே இன்றி, நீண்ட பதிலீட்டுப் பட்டியலை வரிசையாகச் செலுத்துகின்றன. இவற்றின் அளவு 2 அல்லது 3 தான். ஆனால் "கெ" வடிவத்தின் பதிலீடு "கொ" வடிவத்தின் பதிலீட்டுக்கு முன் நிகழ்ந்தால், எகரக் குறியும் காலும் தனித்தனியே எஞ்சும். திரையில் அது "கொ" என்றே தெரியும். ஒருங்குறித் தரம் இவ்விரு வடிவங்களையும் நிகரானவை என்றே கொள்கிறது. எனினும் இயல்பாக்கம் செய்யாத தேடல் கருவிக்கு அவை வெவ்வேறு சொற்கள். நூலில் கண்முன் இருக்கும் சொல் தேடலில் அகப்படாது. சிக்கல் நீங்கவில்லை, அளவை பார்க்காத பட்டியலின் வரிசைக்குள் இடம் பெயர்ந்துள்ளது.

கொம்புக்காலுக்குப் பதில் ளகரம் தட்டச்சிடப்பட்ட உரைகளும் இத்தகையனவே. "கெளரவம்" என்பதைத் திருத்த எண்ணிக் கொம்புக்குப் பின் வரும் ளகரத்தை எல்லாம் ஔகாரமாக மாற்றினால் "வெளி", "தெளிவு" ஆகியன சிதையும். இதற்கு வேண்டியது சொற்பட்டியல். கிளைகளைக் குறைப்பதால் இது தீராது.

மறுபுறம், தேவையின்றி உயரும் அளவும் உண்டு. சித்திரை முதல் பங்குனி வரை மாத எண்ணுக்குப் பெயர் தரும் செயற்கூற்றில் 12 கிளைகள் இருப்பின் அளவு 13. ஆனால் அதைப் படிக்க எவரும் இடர்ப்படார். மேலே கண்ட மாற்றியின் மூன்றடுக்கு நிபந்தனைகள் 11 மட்டுமே பெற்றன. இம்முரணைக் களைய, சோனார்சோர்சு நிறுவனத்தின் ஆன் கேம்பெல் 2010களின் பிற்பகுதியில் அறிதல்சார் சிக்கலளவை உருவாக்கினார். இது உள்ளடுக்கு ஆழமாக ஆகக் கூடுதல் எண்ணைச் சேர்க்கின்றது. பல கிளைத் தெரிவு முழுவதையும் ஒன்றாகவே எண்ணுகின்றது.

எண்ணைக் குறைப்பதையே குறிக்கோளாகக் கொண்டு ஒரு செயற்கூற்றை "பகுதி1", "பகுதி2" என வெட்டுவதும் வழக்கில் உள்ளது. பெயரிட முடியாத துண்டு, பிரித்திருக்க வேண்டாத துண்டு என்றே கொள்ளலாம்.

கருவிகள்

பைத்தான் மொழிக்கான ரேடான் என்னும் கருவி 1 முதல் 5 வரையிலான அளவுக்கு ஏ எனவும், 40 க்கு மேற்பட்டதற்கு எஃப் எனவும் தரமிடுகின்றது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 2019 முதல் 12 ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் கற்பிக்கப்படுவதால், மாணவர்கள் தாம் எழுதிய செயற்கூறுகளிலேயே இதனைச் சோதித்துப் பார்க்க இயலும். திறமூல ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் உள்ள திஸ்கி மாற்றியும் பைத்தானில் எழுதப்பட்டதே. அது குறிகளை வகைவாரியாகப் பட்டியலிட்டு, முன்னோக்கிப் பார்ப்பதற்கு மாறாக, கடந்துபோன இரு குறிகளை நினைவில் வைத்து முடிவு செய்கின்றது.