கோலப்புள்ளியும் திரைப்புள்ளியும்

"15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை."

மார்கழி பிறந்தால் வார இதழ்களின் கோலப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். நடு வரிசையில் 15 புள்ளி, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8-இல் நிறுத்த வேண்டும். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 169 புள்ளி. அத்தனையும் எங்கெங்கே வைப்பது என்று ஒரே வரியில் சொல்லியாயிற்று. இது நிரல் இல்லாமல் வேறென்ன?

பி.காம் படிக்கிறவனுக்கு டேலி போதாதா, நிரல் எதற்கு என்று வகுப்பில் சிலர் கேட்பார்கள். கேட்கட்டும் :-)

கணினித் திரையும் புள்ளிகளால் ஆனதுதான். 640-க்கு 480 அளவில் ஒரு ஜன்னல் திறந்தால் அதில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறமும் ஓர் எண். நம் ஊரில் சி படித்த பலருக்கு இந்த உண்மை டர்போ சி-யின் நீலத்திரை வழியாகத்தான் தெரிய வந்தது. போர்லண்ட் நிறுவனம் 1980-களின் கடைசியில் அதோடு சேர்த்துக் கொடுத்த கிராபிக்ஸ் லைப்ரரியின் பெயர் பிஜிஐ. 'புட்பிக்சல்' என்று எழுதி இடம், நிறம் கொடுத்தால் ஒரு புள்ளி எரியும். ஆனால் அது முழுத்திரையையும் பிடித்துக்கொள்ளும். ஜன்னலுக்குள் வரைய வேறு லைப்ரரிகள் வந்தன. 1998-இல் சாம் லான்டிங்கா எழுதிய எஸ்.டி.எல், அதன் மேல் 2000-இல் பைத்தானுக்காக வந்த பைகேம். இவற்றில் நாம் நேராக ஜன்னலில் வரைவதில்லை. நினைவகத்தில் இருக்கும் ஒரு தாளில் எல்லாப் புள்ளியையும் வைத்து முடித்து, பிறகு மொத்தமாகக் காட்டுகிறோம்.

இந்தக் கதையில் தாம்பரமும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி-யில் பேராசிரியரான கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் ப்ராசஸிங்' என்ற ஆய்விதழில் வந்தது. பொருள்: கோலம்! ஐ.பி.எம் பி.சி வந்ததே 1981-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர்கள் கோலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல, எந்தக் குறியீட்டை எது தொடரலாம் என்று விதி. சின்னக் கோலத்தைப் பெரிய கோலமாக வளர்ப்பது எப்படி என்பது அந்த விதியிலேயே அடங்கிவிடுகிறது. வாசலில் பாட்டிமார் கைக்கணக்காகச் செய்ததுதான். ஆனால் அதை யாரும் கணக்கு என்று அதுவரை மதித்து எழுதி வைத்த மாதிரி தெரியவில்லை.

இந்தக் கட்ட யோசனையை வைத்துப் பைகேமில் கம்பிக் கோலம் வரைவது சுலபம். (சில வீடுகளில் சிக்குக் கோலம் என்பார்கள்.) ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு சதுரம். அதன் நான்கு பக்கங்களிலும் கம்பி வெளியே போகலாம், அல்லது உள்ளேயே வளையலாம். ஆக 16 வகை ஓடு. திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுவதைக் கழித்தால் வெறும் 6. ஓடுகளை இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டே போனால் கோலம் தயார்.

அம்மாவிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. எங்கப்பா ஆரம்பிச்சு எங்க முடிக்குது?" என்றார்.

சரியான கேள்வி. ஓடு ஒட்டும் நிரலுக்கு ஆரம்பம், முடிவு எதுவும் கிடையாது. வாசலில் குனிந்து இழுக்கிறவருக்கோ அதுதான் எல்லாமே. கை எங்கே வளையும், எங்கே நேராகப் போகும், கம்பி தொடங்கிய இடத்துக்கே வந்து சேருமா? இன்னொரு வேடிக்கை: திரையில் புள்ளிகளேதான் படம், கம்பிக் கோலத்தில் புள்ளியைத் தொடாமல் போனால்தான் படம்.

சிரோமணி தம்பதியும் கட்டத்தோடு நிற்கவில்லை. 1987-இல் வெளிவந்த அவர்களது கட்டுரை கம்பி சுற்றிவரும் பாதையையே, அசைவுகளின் வரிசையாக, இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1988-இல், கிஃப்ட் சிரோமணி காலமானார். ராணி சிரோமணி 2019 வரை இருந்தார்.

நேர்ப்புள்ளிச் செவ்வகத்தில், எல்லாப் பக்கமும் திறந்த சாதாரணக் கம்பிக் கோலத்துக்கு எத்தனை கம்பி என்பதற்கு அழகான விடை உண்டு. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான்! 4-க்கு 4 போட்டால் நான்கு தனிக் கம்பி. 6-க்கு 9 என்றால் மூன்று. 4-க்கு 5 என்றால் ஒரே கம்பி, கையெடுக்காமல் முடிக்கலாம். நிரலில் இப்போது ஒவ்வொரு கம்பியையும் பின்தொடர்ந்து தனி நிறம் கொடுக்கிறேன். 4-க்கு 5 முழுக்க ஒரே சிவப்பு. அம்மா அதில் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, இடைப்புள்ளிக்கு எப்போது என்கிறார்.